ஹூப்பர் இனி வரமாட்டார்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வானொலியில் உட்கார்ந்துகொண்டு தொலைக்காட்சியைப் புகழப் போகிறேன், நிலையத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1969 நவம்பரில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ பலருக்கும் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்த நிகழ்ச்சி. எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு. அந்தத் தெருவில் ஹூப்பர் என்று ஒரு கடைக்காரர். அந்த வேடத்தில் நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம். ஹூப்பர் கடையை விற்றுவிட்டு வெளியூர் போய்விட்டார் என்றும் கதை கட்டியிருக்கலாம். தயாரிப்பாளர்கள் இரண்டையும் செய்யவில்லை. குழந்தை உளவியல் தெரிந்தவர்களைக் கலந்து பேசி, ஹூப்பரும் இறந்துவிட்டதாகவே காட்டினார்கள்.

அந்தத் தெருவில் ‘பிக் பேர்ட்’ என்ற மஞ்சள் பறவை உண்டு. ஆளைவிட உயரம், மனசு மட்டும் ஆறு வயதுப் பிள்ளையுடையது. பெரியவர்கள் ஒவ்வொருவரையும் படம் வரைந்து அவரவரிடம் கொடுக்கிறது. ஹூப்பருக்கும் ஒரு படம் இருக்கிறது, ஆனால் அவரைக் காணோம். அவர் இறந்துவிட்டாரே என்று நினைவுபடுத்துகிறார்கள். சரி, திரும்பி வந்ததும் கொடுத்துக்கொள்கிறேன் என்கிறது பறவை. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறார்கள். அப்புறம்தான் அதற்குக் கவலை வருகிறது: கடையை யார் பார்ப்பார்கள், எனக்குக் கதை யார் சொல்வார்கள்? கேட்பவர்களுக்கு இது சுயநலமாகத் தோன்றலாம். சின்னக் குழந்தையின் துக்கம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் இருக்கிறோம் என்கிறார்கள் பெரியவர்கள். ஏன் இப்படி நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் அவர்களிடமும் பதில் இல்லை, கண் கலங்குகிறது.

நோய், முதுமை என்று எந்தக் காரணத்தையும் அதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அடுத்த முறை அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாலே குழந்தை நடுங்கிப்போகும். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி மறைக்கும் நம் வீடுகளும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒளிபரப்பிய நாள் 1983 நவம்பர் 24, அங்கே நன்றி நவிலும் நாள் விடுமுறை. பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், குழந்தை கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும் என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அது எவ்வளவு சரி என்பதற்குப் பின்னால் ஒரு சான்று கிடைத்தது. 2012-இல் ‘டேனியல் டைகர்’ என்ற கார்ட்டூன் வந்தது. கோபம் வந்தால் மூச்சை இழுத்துவிட்டு நான்கு வரை எண்ணு என்று பாட்டிலேயே சொல்லித்தரும் புலிக்குட்டி. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தார் 2 முதல் 6 வயதுக் குழந்தைகளை இரண்டு வாரம் இதைப் பார்க்கவைத்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறர் உணர்ச்சியைப் புரிந்துகொள்வதில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் திரையில் பார்ப்பதைப் பற்றிக் குழந்தையோடு வழக்கமாகப் பேசும் பெற்றோரின் வீடுகளில்தான் அது தெரிந்தது.

அடுப்பில் வேலை இருக்கும்போது பக்கத்தில் உட்கார முடியுமா என்பீர்கள். உட்காரவே வேண்டாம். ராத்திரி சோறு ஊட்டும்போது, அந்தப் புலிக்குட்டிக்கு ஏன் கோபம் வந்தது என்று கேளுங்கள். நேற்றுக் கடையில் நீ அழுதாயே, அந்த மாதிரியா என்றும் கேட்டுப் பாருங்கள். குழந்தை என்ன சொன்னாலும் உடனே திருத்த வேண்டாம்.