திரையில் மீன் தெரிகிறது, தூண்டிலில் ஏன் சிக்கவில்லை? மிச்சிகன் ஏரியில் சால்மன் ட்ரோலிங்

[திரையில்: ஃபிஷ் ஃபைண்டர் படம். நடுவே மங்கலான ஒரு பட்டை, அதற்குக் கீழே வில் வில்லாகச் சில கோடுகள்.]

வணக்கம். ஆகஸ்ட் மாதம் மிச்சிகன் ஏரியில் ஓடும் ஒரு படகில் இப்படித்தான் திரை தெரியும். வில் வில்லாகத் தெரிகிறதே, அதெல்லாம் மீன். இந்தக் காலத்தில், இந்த ஆழத்தில் என்றால் சினூக் சால்மனாக இருக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவு மீனைக் கண்ணால் பார்த்துவிட்டும் வெறுங்கையோடு கரை திரும்பும் படகுகள் உண்டு. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று திரை சொல்லிவிடும். நம் இரை எந்த ஆழத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் ஓடுகிறது? அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வீடியோ முழுக்க அதைப் பற்றித்தான்.

ட்ரோலிங் என்பது படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டில் இரைகளை இழுத்துச் செல்வது. வலை கிடையாது, இழுவலைப் படகோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

[திரையில்: வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகள், வரைபடம்.]

மிச்சிகன் இந்த ஐந்தில் ஒன்று. சால்மன் இந்த ஏரிகளின் சொந்த மீன் இல்லை. இங்கே காலங்காலமாக இருந்தது லேக் டிரவுட். கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி உள்ளே நுழைந்து அதன் இரத்தத்தை உறிஞ்சியது, மிதமிஞ்சிய மீன்பிடியும் சேர்ந்துகொண்டது. பெரிய மீன் குறைந்ததும் ஏல்வைஃப் என்ற சின்ன மீன் பெருகிவிட்டது. நம் மத்தியின் குடும்பம்தான். 1967-ல் அது கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கி நாறியது. அதற்கு முந்தின ஆண்டே, மிச்சிகன் மாநில மீன்வளப் பிரிவின் தலைவராக இருந்த ஹோவர்ட் டேனர், ஒரிகானிலிருந்து கோஹோ சால்மன் முட்டைகளை வாங்கி வளர்த்த குஞ்சுகளை ஆறுகளில் விட்டிருந்தார். 1967-ல் சினூக்கும் வந்தது. வீணாய்ப் போன ஏல்வைஃப் சால்மனுக்குச் சாப்பாடானது. இன்றும் அங்கே சினூக் எங்கே என்று கேட்டால், ஏல்வைஃப் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து பார்க்க வேண்டியது குளிர். சினூக்குக்குப் பிடித்தது சுமார் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். லேக் டிரவுட் இன்னும் கொஞ்சம் குளிரில், ஏரியின் அடியை ஒட்டிக் கிடக்கும். ஸ்டீல்ஹெட் என்கிற ரெயின்போ டிரவுட் வெதுவெதுப்பைத் தாங்கும், அதனால் மேலே திரியும். கோடையில் மேல் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டிருக்கும். கொஞ்சம் கீழே போனால் சட்டென்று சில மீட்டருக்குள் வெப்பம் விழுந்துவிடும். இந்த அடுக்குக்கு தெர்மோக்ளைன் என்று பெயர். முதலில் பார்த்த படத்தில் அந்த மங்கலான பட்டை இதுதான். பிளாங்க்டன் என்கிற மிதக்கும் சின்னஞ்சிறு உயிரிகள் அங்கே திரண்டிருப்பதால் கருவி அனுப்பும் ஒலி அதில் பட்டுத் திரும்புகிறது. கருவியின் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் ஏற்றினால் நன்றாகத் தெரியும்.

இந்த அடுக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை. கரையிலிருந்து ஏரியை நோக்கிப் பலமாகக் காற்று வீசினால் மேலே உள்ள சூடான தண்ணீர் தள்ளிக்கொண்டு போய்விடும், அந்த இடத்தை நிரப்பக் கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். நேற்று 25 மீட்டரில் நின்ற மீன் இன்று 8 மீட்டரில் நிற்கலாம். அதனால் நேற்றைய ஆழத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு போவதில் பயனில்லை.

[திரையில்: படகின் அடியிலிருந்து கூம்பாக விரியும் ஒலி.]

சரி, ஃபிஷ் ஃபைண்டர் எப்படி வேலை செய்கிறது? படகின் அடியில் உள்ள டிரான்ஸ்டியூசர் ஒலியைக் கீழே அனுப்புகிறது. நல்ல தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,450 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்தில் உள்ள மீனில் பட்டுத் திரும்பி வர ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கு போதும். ஒலி கூம்பாக விரிவதால், மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் கொஞ்சம் அதிகம், நேர் கீழே வரும்போது குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். அதனால்தான் வில் போல வளைகிறது. வில் நீளமாக இருந்தால் பெரிய மீன் என்று நினைக்க வேண்டாம். கூம்புக்குள் அதிக நேரம் இருந்த மீன் என்றுதான் அர்த்தம். கோட்டின் தடிப்பும் நிறமும் அளவைப் பற்றிச் சொல்வது அதிகம்.

20 டிகிரி கூம்பு என்றால் 30 மீட்டர் ஆழத்தில் அது பார்ப்பது பத்தரை மீட்டர் அகல வட்டத்தை மட்டும். ஒலியின் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். 200 கிலோஹெர்ட்ஸ் குறுகலாக, துல்லியமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழம் வரை போகும், நுணுக்கம் குறையும். இப்போது வரும் சிர்ப் கருவிகள் ஒரே அலைவரிசைக்குப் பதில் ஒரு வரிசையையே அனுப்புவதால், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மீனைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். திரை விஷயம் இவ்வளவு போதும்.

[திரையில்: படகின் பின்புறம், டவுன்ரிகர். குண்டு மெல்ல இறங்குகிறது.]

இனி இரையைக் கீழே கொண்டுபோக வேண்டும். இதற்கு முதல் கருவி டவுன்ரிகர். சின்ன வின்ச், கம்பி வடம், நுனியில் நாலரை முதல் ஏழு கிலோ வரை கனமுள்ள ஈயக்குண்டு. தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பில் மாட்டிக் குண்டோடு சேர்த்து இறக்கிவிட்டு, ரீலைச் சுற்றித் தளர்வை எடுக்கிறார்கள். கம்பு வில்லாக வளைந்து தாங்கியில் நிற்கும். மீன் கவ்வியதும் கிளிப் விடுபட்டு, வளைந்திருந்த கம்பு சடாரென்று நிமிரும், அடுத்த கணமே மீனின் இழுப்பில் மறுபடி தலை குனியும். இந்த நிமிர்வைப் பார்த்ததும் படகில் உள்ள எல்லாரும் ஓடுவார்கள்.

குண்டு திரையிலும் ஒரு கோடாகத் தெரியும், மீன் மேலே ஏறி வந்து அதைப் பார்ப்பதும் தெரியும். ஆனால் எவ்வளவு வடம் விட்டோம் என்று கவுண்டர் காட்டும் எண்ணை அப்படியே ஆழம் என்று நம்பக் கூடாது. படகு முன்னே போகப் போகத் தண்ணீர் வடத்தைப் பின்னால் தள்ளுகிறது. 30 மீட்டர் வடம் விட்டு, அது 30 டிகிரி சாய்ந்திருந்தால் குண்டு இருப்பது சுமார் 26 மீட்டரில். அந்த நாலு மீட்டரில் தண்ணீரே வேறு தண்ணீராக இருக்கலாம். அப்புறம், சால்மன் கீழே குனிந்து சாப்பிடுவதை விட மேலே பாய்ந்து சாப்பிடுவது அதிகம். எனவே மீனை விடச் சற்று மேலே இரையை ஓட்டுவதுதான் நல்லது.

மற்ற வழிகளும் உண்டு. டிப்ஸி டைவர் வட்டமான பிளாஸ்டிக் தட்டு. தண்ணீர் அதை அழுத்தக் கீழேயும் பக்கவாட்டிலும் போகும், அடியில் உள்ள டயலைத் திருப்பினால் எவ்வளவு பக்கம் போக வேண்டும் என்று மாற்றலாம். லெட் கோர் நரம்பில் உள்ளே ஈயம், வெளியே நைலான் பின்னல். சுமார் 9 மீட்டருக்கு ஒரு நிறம் மாறும். "அஞ்சு கலர் விடு" என்றால் படகில் எல்லாருக்கும் புரியும். வழக்கமான வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இறங்கும். வசந்த காலத்தில் கோஹோவும் பிரவுன் டிரவுட்டும் கரையோரம் மேலாகத் திரியும்போது பிளேனர் பலகை போதும். அது நரம்பைப் படகுக்கு வெகுதூரம் பக்கத்தில் கொண்டுபோகும், படகைக் கண்டு மிரளும் மீன் தப்பாது.

இரை என்றால் பெரும்பாலும் ஸ்பூன் என்கிற மின்னும் உலோகத் தகடு. இல்லையென்றால் ஃபிளாஷர் என்கிற சுழலும் தகடு, அதன் பின்னால் சுமார் இரண்டு அடி நரம்பில் ஃபிளை என்கிற இழை கட்டிய இரை. ஃபிளாஷர் சுழலச் சுழல ஃபிளையை வெட்டி வெட்டி இழுக்கிறது. அந்த நரம்பைக் குறைத்தால் துடிப்பு கூடும். ஆழத்தில் சிவப்பு முதலில் மங்கிவிடும், விடியும் முன் இருட்டில் ஒளிரும் இரைதான் வேலை செய்யும்.

[திரையில்: இரண்டு எண்கள். படகின் ஜிபிஎஸ் வேகம், ஆழத்து வேகம். இரண்டும் வேறு.]

இப்போது வேகம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சினூக்குக்கு மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறார்கள், லேக் டிரவுட்டுக்கு அதைவிட மெதுவாக. ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம். ஏரிக்குள் மேலே ஒரு நீரோட்டம், கீழே வேறொரு நீரோட்டம் இருக்கும். திரையில் 4 என்று இருக்கும்போது எதிர் நீரோட்டத்தில் இரை 5-ல் ஓடலாம், அதே படகு திரும்பி வரும்போது 3-ல் செத்த மாதிரி தொங்கலாம். வடக்கே போகும்போது கடிக்கிறது, தெற்கே வரும்போது கடிக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். மீன் கடித்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்தால் மட்டும் போதாது, எந்தத் திசையில் போனோம் என்பதையும் குறிக்க வேண்டும்.

இதற்குத்தான் குண்டுக்கு மேலே மாட்டும் புரோப் இருக்கிறது. ஃபிஷ் ஹாக் போன்ற கருவிகள் குண்டின் ஆழத்தில் உள்ள வெப்பத்தையும் வேகத்தையும் மேலே அனுப்பும். பெரிய திரைக்குப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு என் கருத்து: சுமாரான திரையும் ஒரு நல்ல புரோபும் வாங்குங்கள். 12 அங்குலத் திரை உங்கள் இரை ஓடும் தண்ணீரின் குளிரைச் சொல்லாது.

புரோப் வாங்க வசதி இல்லையா? படகை மெல்ல வளைத்து ஓட்டிப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்க இரை வேகமெடுத்து மேலே ஏறும், உள்பக்க இரை மெதுவாகிக் கீழே தாழும். உள்பக்கக் கம்பு கடித்தால் வேகத்தைக் குறைக்கலாம், வெளிப்பக்கம் கடித்தால் கூட்டலாம். காசே செலவில்லாத இந்த வழியைப் புரோப் வைத்திருப்பவர்களும் விடுவதில்லை.

பெரிய எஞ்சின் இவ்வளவு மெதுவாக ஓடாது என்பதால் கிக்கர் என்ற சின்ன மோட்டார் தேவைப்படும். தூண்டில் போடும் நேரத்தில் படகை நேராகப் பிடிக்க ஆட்டோ பைலட் இருந்தால், தனியாகப் போகிறவருக்கு இரண்டு கை கூடுதலாகக் கிடைத்த மாதிரி.

கடைசியாக, ஆபத்தில் உதவி கேட்க விஎச்எஃப் ரேடியோ. 1967 செப்டம்பர் 23 அன்று, கோஹோ ஆசையில் எச்சரிக்கையையும் மீறி இதே ஏரியின் பிளாட் விரிகுடாப் பக்கம் சின்னப் படகுகளில் போனவர்கள் புயலில் மாட்டினார்கள். ஏழு பேர் இறந்தார்கள். ஏரி என்று பெயர், ஆழம் 281 மீட்டர் வரை போகிறது, அலை கடல் அலைதான். காலையில் கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். தண்ணீரில் இருக்கும் வரை ரேடியோவை அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் திறந்தே வையுங்கள், லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே தூண்டில் போடுங்கள்.