கிழிக்கும் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் 30 வருசமாகத் தையல் வேலை செய்கிறேன். துணியைப் பற்றிப் பேச வரச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவு வந்தது ஒரு சத்தம். கடையில் பொப்ளின் கேட்டால், ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழிப்பார்களே, அந்தச் சத்தம். கோடு போட்டது மாதிரி நேராக வரும். ஜீன்ஸ் துணியை அப்படிக் கிழித்துத் தரமாட்டார்கள். இரண்டும் பருத்திதான், நெசவுதான் வேறு.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே நாடா, அதாவது இரண்டு பக்கமும் ஓடும் கட்டை, கொண்டுபோகும் நூல் ஊடை. ஊடை ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போனால் அது சாதா நெசவு. பொப்ளின், வொயில், நாம் உடுக்கிற சாறம் எல்லாம் இதுதான். ஒவ்வொரு நூலும் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். கிழிக்கும்போது பக்கத்து நூலோடு சேர்ந்து தாங்க வழியில்லாமல் ஒவ்வொன்றாக அறும்.

இப்போது வீட்டில் கிடக்கும் ஜீன்ஸின் கால் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். வெளியே நீலம், உள்ளே வெளுப்பு. சாயம் தோய்த்தது பாவுக்கு மட்டும், ஊடை வெள்ளை. பாவு மூன்று ஊடைக்கு மேலே போய் ஒன்றுக்குக் கீழே இறங்கும். பக்கத்துப் பாவு ஒரு ஊடை தள்ளி இறங்கும். அந்தத் தள்ளல்தான் சாய்கோடாகத் தெரிகிறது. பூட்டுக் குறைவதால் நூலை நெருக்கி அடிக்கலாம். கிழிசல் வந்தாலும் நூல்கள் நகர்ந்து, ஒன்றுசேர்ந்து தாங்கும்.

சாட்டினில் பூட்டு இன்னும் குறைவு. நூல் நாலு, சிலதில் ஏழு நூலுக்கு மேலே மிதந்துதான் ஒரு தரம் இறங்கும். மினுக்கம் அதனால் வருகிறது. பட்டு என்பது நூலின் பெயர், சாட்டின் என்பது நெசவின் பெயர். இதைக் குழப்பிக்கொண்டு காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. ஒருமுறை என் மகளுக்குச் சாட்டினில் சட்டையை இறுக்கித் தைத்துவிட்டேன். கலியாண வீட்டில் குனிந்து எழும்பியபோது முதுகுத் தையலோரம் வாய் திறந்துவிட்டது. தையல் அறவில்லை; துணியின் நூல்தான் நழுவியிருந்தது. அதற்குப் பிறகு சாட்டின் என்றால் தையலுக்குள் துணி கூட விட்டு, தளர்வாகத்தான் தைக்கிறேன்.

அப்புறம் துவாய். அதற்கு இரண்டு பாவு. ஒன்றை இறுக்கியும் மற்றதைத் தளர்த்தியும் விடுவார்கள். தளர்ந்தது சுருண்டு நின்று தண்ணீரைக் குடிக்கும்.

கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களில் உடுப்புக்குத் துணி எடுக்கும்போது, பருத்தியா பொலியெஸ்டரா என்று கேட்பதோடு விடாதீர்கள். துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். வொயிலில் நூலுக்கு நூல் வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியால்தான் காற்றும் வரும்.