கைவிட்டதும் கைகழுவியதும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று மரபுத்தொடர்களைப் பற்றியும், அதே மரபு இசையிலும் இருப்பதைப் பற்றியும் பேசலாம்.

‘சட்டைப்பைக்குள் கைவிட்டான்’ என்றால் சில்லறை தேடுகிறான். ‘தம்பியைக் கைவிட்டான்’ என்றால் உறவே அறுந்துபோயிற்று. வினை ஒன்றுதான். முன்னால் நிற்பது ‘உள்’ளா, ‘ஐ’யா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

‘கைகழுவு’ இன்னும் கறாரானது. ‘கூட்டாளியைக் கைகழுவினான்’ என்னும்போது கையும் கழுவுதலும் ஒட்டி ஒரே வினையாகி, தனக்கென்று ஒரு செயப்படுபொருளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நடுவே ஒரு சொல்லைச் செருகிப் பாருங்கள்: ‘கூட்டாளியைக் கை நன்றாகக் கழுவினான்.’ வாக்கியம் கவிழ்ந்துவிடும். பன்மையும் ஆகாது. ‘காலை வாரிவிட்டான்’ என்பது துரோகம். ‘கால்களை வாரிவிட்டான்’ என்றால் மல்யுத்தம். அதே பொருளுள்ள வேறு சொல்லும் ஒத்துவராது. ‘பாதத்தை வாரிவிட்டான்’ என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். ஒரு தொடர் மரபுத்தொடர்தானா என்று ஐயம் வந்தால், இப்படிச் செருகியும் பன்மையாக்கியும் சொல்லை மாற்றியும் பார்க்கலாம். பொருள் சிதைந்தால் அது மரபுத்தொடர்.

எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர்
செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே

என்கிறது நன்னூல். ஏன் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. சொல்லிவந்தபடி சொல், அவ்வளவுதான். தொல்காப்பிய மரபியலோ பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் மட்டுமே ஒன்பதை அடுக்குகிறது. பானை வனைவது, கூடை முடைவது, அம்பு எய்வது எல்லாம் இந்த வகைதான். பள்ளியில் இதை ‘குயில் கூவும், மயில் அகவும்’ என்று ஒரு மதிப்பெண் கேள்வியாகச் சுருக்கிவிட்டோம்.

இசையிலும் இப்படி ஒரு மரபு உண்டு. ஒரு ராகத்தை அடையாளம் காட்டும், வழிவழியாகப் பாடிவந்த சுரச் சேர்க்கைக்குப் ‘பிடி’ என்று பெயர். ஆரபி, தேவகாந்தாரி என்ற ராகங்கள் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 29-ஆவது மேளமான (தாய் ராகமான) தீரசங்கராபரணத்தின் பிள்ளைகள். ஏறும்போது ஸ ரி ம ப த ஸ. இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. தாளில் எழுதினால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது.

பாடும்போது கதை வேறு. ஆரபியில் காந்தாரத்திலும் (க) நிஷாதத்திலும் (நி) நிற்கக் கூடாது. தொட்டும் தொடாமலும் நழுவ வேண்டும். ‘ம க ரி’ காதில் ஏறக்குறைய ‘ம ம ரி’ என்றே விழும். ‘ஸ நி த’ அப்படியே ‘ஸ ஸ த’. அசைவு குறைவு, நடை விறுவிறுப்பு. கன ராகங்கள் ஐந்தில் ஆரபியும் ஒன்று என்பதால் தானத்துக்கு, அதாவது தாளமின்றித் துள்ளுநடையில் ராகத்தை விரிப்பதற்கு, வாகாக நிற்கும். தேவகாந்தாரி சவுக்கத்தில், அதாவது மெதுவான நடையில், உயிர்வாழும் ராகம். ரிஷபத்தை (ரி) நீட்டி அசைத்து, சுரங்களை இழைத்து இழைத்து இறங்க வேண்டும். ஆரபியில் அமைந்த ‘சாதிஞ்சனே’ கீர்த்தனையையும் தேவகாந்தாரியில் அமைந்த ‘க்ஷீரசாகர சயனா’வையும் அடுத்தடுத்துக் கேட்டால் பத்து நொடியில் விளங்கிவிடும்.

கற்பவர் தவறுவது பெரும்பாலும் வேகத்தில்தான். தேவகாந்தாரி ஆலாபனையில் (பாட்டின் சொற்களின்றி ராகத்தை விரித்துப் பாடுவதில்) கொஞ்சம் அவசரப்பட்டு ‘ப ம க ரி’யை நேர்கோடாக இறக்கினால் போதும், ஆரபி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சுரம் ஒன்றுகூடப் பிசகியிருக்காது. ஆனாலும் ராகம் போய்விட்டது என்பார் ஆசிரியர். அதனால்தான் முதலில் கீர்த்தனைகளைப் பாடம் பண்ணச் சொல்கிறார்கள். ஆலாபனை அதற்குப் பிறகு.

வணக்கம்.