முதலில் தோள், அப்புறம்தான் வரிசை

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, பினாங்கு உறவுகளே, வணக்கம். மணி ஓடிக்கொண்டிருக்கிறது, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு என்ன? "நல்ல இசைத்தொகுப்பு தன்னால் நிற்குமா, நாம் தாங்கி நிறுத்த வேண்டுமா?" நாம்தான் தாங்க வேண்டும் என்பது எங்கள் அணி. இதற்கு நான்கு காரணம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் இப்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

என்ன சொன்னார்? "நம்ம ஊர்ல நல்ல நாசி கண்டார் கடைக்குப் பலகை எதுக்குய்யா? வரிசைதான் விளம்பரம். வரிசை இல்லேன்னா குழம்புல கோளாறுன்னு அர்த்தம். ஓடாத கேசட்டும் அப்படித்தான்!" நீங்களும் கை தட்டினீர்கள். தட்டலாம், பேச்சு அழகு. ஆனால் ஐயா, பினாங்கில் நின்றுகொண்டு நாசி கண்டாரை உதாரணம் காட்டுகிறவர், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா?

நாசி என்றால் சோறு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்டார் என்றால்? குழம்பா? மசாலாவா? இல்லை. கண்டார் என்பது ஒரு கம்பு. தோளில் வைக்கிற காவுத்தடி. ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புப் பானை. நம் தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் நிற்கிற இடத்துக்கே போய்ச் சோறு போட்டார்கள். கடை இல்லை. மேசை இல்லை. வரிசையும் இல்லை. ஜார்ஜ் டவுன் சாப்பாட்டுக்குப் பெயரே தோளில் சுமந்த கம்பால் வந்தது ஐயா! நீங்கள் பார்க்கிற வரிசை பிற்பாடு வந்தது. முதலில் போனது தோள்.

குழம்பு அன்றைக்கும் அதே ருசிதான். அதை யாரும் தூக்காமல் அடுப்பிலேயே விட்டிருந்தால், துறைமுகத்துத் தொழிலாளிக்கு அந்த ருசி தெரிந்திருக்குமா? குழம்பு கெட்டுப்போயிருக்கும். அப்போது எதிரணித் தலைவர் வந்து, "பார்த்தீர்களா, வரிசை இல்லை, குழம்பில் கோளாறு" என்பார்!

இசைக்கு வருவோம். 1986. இளையராஜா ஒரு இசைத்தொகுப்பு வெளியிட்டார். "ஹவ் டு நேம் இட்?" சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை, பாடகர் இல்லை, பாடல் வரியும் இல்லை. தந்திக் கருவிகள், நடுவே வி. எஸ். நரசிம்மன் அவர்களின் வயலின். இரண்டு பேருக்குக் காணிக்கை என்று போட்டார்: ஒருவர் தியாகராஜ சுவாமிகள், இன்னொருவர் ஜெர்மனியின் இசைமேதை பாக். பாக் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. நடுவே 17 வருடம். பூமியில் சந்தித்தே இராத இரண்டு பேர் ஒரு கேசட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே இருக்கிற ராஜா ரசிகர்களைக் கேட்கிறேன். அவருடைய சினிமாப் பாட்டு நூறு என்றால் நூறும் சொல்வீர்கள். இந்தத் தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை, இடையில் எழுந்து போகாமல் கேட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

எண்ணிக்கையை நான் சொல்லவில்லை. நடுவர் பார்த்துக்கொண்டார்.

அதில் ஒரு பகுதிக்குப் பெயர் "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்". என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன். அடுத்த பகுதியின் பெயர் "அண்ட் வி ஹேட் எ டாக்". இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். பண்ணைப்புரத்துக்காரர் வீட்டுக்கு பாக் வருகிறார்! எப்படி வருகிறார்? வெறுங்கையோடு வரவில்லை. தனி வயலினுக்குத் தாம் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா, அதாவது பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை, அதன் முன்னிசையைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார். 1720 தேதி போட்ட கையெழுத்துப் பிரதியில் இருக்கிற இசை அது. நரசிம்மனின் வில் அதை விடாமல் ஓட்டிக்கொண்டே போகிறது, மூச்சு வாங்கக்கூட இடமில்லை. ராஜா என்ன செய்கிறார்? வந்தவர் பேச்சில் குறுக்கிடவில்லை. அந்த மெட்டைச் சுற்றித் தம்முடைய தந்திகளை எழுப்பி நிறுத்துகிறார். விருந்தாளி பேசும்போது வீட்டுக்காரர் தலையாட்டி, நடுநடுவே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார் இல்லையா, அந்த மாதிரி. அது சந்திப்பு. அதற்கடுத்ததுதான் உரையாடல்.

இப்போது உங்கள் கைபேசியில் கலைத்துப் போடுகிற ஷஃபிள் பொத்தானை அமுக்குங்கள். என்ன ஆகும்? முதலில் உரையாடல் வரும். அப்புறம் நடுவில் வேறு யாரோ பாடுவார். அரைமணி நேரம் கழித்து பாக் வாசல் மணியை அடிப்பார்! பேசி முடித்த பிறகா ஒருவர் வீட்டுக்குள் வருவார்? இதுதான் அம்மா, இதுதான் தாய்மார்களே, தொகுப்பை நாம் செய்கிற கொலை. தனிப் பாட்டைக் குலுக்கலாம். தொகுப்பைக் குலுக்கக் கூடாது. ஷஃபிளை அணையுங்கள். அமைப்புக்குள் போய் கிராஸ்ஃபேடைச் சுழியத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பகுதியின் வால் அடுத்ததன் தலையில் ஏறும். பகுதிகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டுகிற கேப்லெஸ் இருந்தால் போட்டுவிடுங்கள்.

தேடினால் கிடைக்கவில்லை என்பீர்கள். ஏன் கிடைக்கவில்லை? ஆங்கில எழுத்தில் இளையராஜா என்ற பெயரையே ஒற்றை எல், இரட்டை எல், ஒய், ஐ, ஒரு ஏ, இரண்டு ஏ என்று ஆளுக்கொரு விதமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆள் பெயரைப் போட்டால் சினிமாப் பாட்டு மலைபோல் வந்து இதை மூடிவிடும். தொகுப்பின் பெயரைப் போடுங்கள், கூடவே வயலின்காரர் பெயரைப் போடுங்கள், வந்து நிற்கும்.

கேட்கிற முறையும் உண்டு. முதல் தடவை ராகம் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். "மேட் மாட் மூட் ஃப்யூக்" என்று ஒன்று இருக்கிறது. ஃப்யூக் என்றால் ஒரு குரல், இங்கே கருவியின் குரல், ஓர் அடியைச் சொல்லும், அது முடிந்ததும் இன்னொரு குரல் அதே அடியை வேறு சுருதியில் எடுத்துக்கொள்ளும், முதல் குரல் அப்போதும் வாய் மூடாமல் தன் பேச்சைத் தொடரும். இரண்டாம் தடவை கேட்கும்போது மேலே இருக்கிற வயலினை விட்டுவிடுங்கள். அடியில் பாஸ் எங்கே நடக்கிறது என்று மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அந்த அடிக்குரல் கேட்கவே கேட்காது. அதில் கேட்டுவிட்டு "சப்புன்னு இருக்கு" என்றால் தப்பு ராஜாவுடையது இல்லை. காதில் ஹெட்போன் போடுங்கள். மூன்றாம் தடவை எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

சரி, கண்டாருக்குத் திரும்பி வருகிறேன், அதை விடமாட்டேன். காணிக்கை பெற்ற இரண்டு பேரும் பெரியவர்கள் ஆயிற்றே, அவர்களாவது தன்னால் நின்றார்களா?

பாக் கண்ணை மூடிய பிறகு ஏசுவின் துன்பங்களைப் பாடுகிற அவருடைய பெரும் படைப்பான "மத்தேயு பாடுகள்" ஏட்டில் தூங்கியது. இசை படித்தவர்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. 1829-இல், அதாவது அவர் இறந்து 79 வருடம் கழித்து, மெண்டல்சன் என்ற 20 வயதுப் பையன், பாட்டி கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு பெர்லினில் மேடையேற்றினான். அரங்கம் நிரம்பி, இடம் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போனார்கள். கேளுங்கள் ஐயா, வரிசை வந்துவிட்டது! 79 வருடமாக வராத வரிசை! சில பகுதிகளைச் சுருக்கினான், சரி; ஆனால் இசை வேறொருவருடையதா? இல்லை. ஒரு பையன் தோள் கொடுத்தான்.

நம் தியாகராஜர்? வாலாஜாபேட்டைச் சீடர்கள் கிருதிகளை எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. திருவையாற்றில் அவர் சமாதி கேட்பாரற்றுக் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற ஒரு பெண், பாடிச் சம்பாதித்த தன் சொந்தப் பணத்தைக் கொட்டி, 1920-களில் அங்கே கோயில் எழுப்பினார். அங்கே பெண்கள் பாடக் கூடாது என்று தடுத்த காலம் அது. அந்தத் தடையையும் தாண்டித்தான் தூக்கினார். இன்றைக்கு ஆராதனைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்து, தன்னால் வந்த கூட்டம் என்று சொல்ல யாருக்காவது மனசு வருமா? ஒரு முனையில் பாக், ஒரு முனையில் தியாகராஜர். கம்பு யார் தோளில் இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

நம் நாட்டுத் தொகுப்பு ஒன்று. 2006-இல் ராப் பாடகர் யோகி பி, நட்சத்ரா குழுவோடு சேர்ந்து "வல்லவன்" கொண்டுவந்தார். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளின் தமிழ் ராப். "மடை திறந்து" எல்லாருக்கும் தெரியும். சரி, அந்தத் தொகுப்பில் அதற்கு அடுத்தது எது? சொல்லுங்கள். கல்யாண வீட்டில் டிஜே போடுகிற ஒரு பாட்டோடு முழுத் தொகுப்பையும் முடித்துவிட்டோம்.

அலமாரியில் கேசட் வைத்திருக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை, இது வாதம் இல்லை, அவசரம். நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, அதன் சின்ன ஜன்னல் வழியே பாருங்கள், சுருளின் மேல் மாவு தூவினாற்போல் தெரியும். தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், நாடாவைப் படிக்கிற பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால், ஓட்டுவதற்கு முன் ஒரு தடவை கடைசி வரை முன்னால் ஓட்டி, திரும்பப் பின்னால் சுற்றுங்கள், ஒட்டியிருக்கிற சுருள் தளரும். ஒலி மங்கலாக, கம்பளிக்குள்ளிருந்து வருவது போல் வந்தால், நாடா போய்விட்டது என்று தூக்கி எறியாதீர்கள். நடுவில் நாடாவைத் தலையோடு அழுத்துகிற சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும். மூலையில் நான்கும் நடுவில் ஒன்றுமாக ஐந்து திருகாணி உள்ள கூடாக இருந்தால், அதே மாதிரி வேறொரு கூட்டைத் திறந்து சுருள்களை இடம் மாற்றலாம். பிளேயரின் தலையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், ரப்பர் உருளையில் அது படக் கூடாது, காய்ந்து வெடிக்கும். கணினியில் ஏற்றும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஏற்றுங்கள், ஒலியைச் சுருக்குகிற எம்பி3 வேண்டாம். 45 நிமிடக் கேசட் சுமார் 780 எம்பி பிடிக்கும். ஏ பக்கம் முழுவதும் ஒரே கோப்பு, பி பக்கம் முழுவதும் ஒரே கோப்பு. துண்டு போடாதீர்கள்.

மணி அடிக்கிறார்கள். நடுவர் ஐயா, ஒரே நிமிடம், ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன்.

இந்தப் பினாங்கு மண்ணில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். அவர்களுடைய இசைக்குழு அல்லிகேட்ஸ். நம் வீட்டுப் பிள்ளைகள், மலாயில் பாடி நாடு முழுவதையும் கட்டிப்போட்டார்கள். நாலு பாட்டு இன்றைக்கும் எல்லாக் கரோக்கேயிலும் இருக்கிறது. ஆனால் அந்த இசைத்தட்டுகளை முதல் பாட்டிலிருந்து வரிசையாக, அவர்கள் அடுக்கிய மாதிரியே கேட்டது எத்தனை வீடு? 2007-இல் லோகநாதன் போய்விட்டார். அதற்குப் பிறகு மேடையில் அண்ணன் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் தம்பி இல்லை.

தட்டில் இருக்கிறார். அங்கே மட்டும்தான் இருக்கிறார். உங்கள் அப்பா வாங்கி, உறை கிழிந்து, அலமாரி அடியில் கிடக்கிற அந்தத் தட்டில், அந்தக் கேசட்டில், அண்ணனும் தம்பியும் இன்னும் தோளோடு தோள் நின்று பாடிக்கொண்டிருக்கிறார்கள். தூசு தட்டி வெளியே எடுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் பக்கம் முழுதும் ஓடவிடுங்கள். அப்புறம் திருப்பிப் போடுங்கள். வணக்கம்.