புகையோடு போகும் செம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

நம்முடைய திருகோணமலை மாவட்டத்தில், சேருவில பக்கத்தில், செப்புத் தாது இருப்பது 1971 இல் கண்டறியப்பட்டது. இரும்புத் தாதோடு கலந்து கிடக்கிறது. தோண்டுவோம், உருக்குவோம் என்ற பேச்சு இடைக்கிடை கிளம்பும், அடங்கும். அப்படிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தூசியை என்ன செய்யப் போகிறீர்கள்?

செப்புத் தாதில் இரும்பும் கந்தகமும் உண்டு. கொஞ்சம் ஈயம், நாகம், ஆசனிக் என்ற நஞ்சும் ஒட்டிக்கொண்டு வரும். பின்லாந்தில் 1949 இல் தொடங்கிய முறைப்படி, தூளாக்கி, வெறுங்கல்லை நீக்கிச் செறிவாக்கிய தாதை ஒட்சிசன் கூட்டிய காற்றோடு உலைக்குள் ஊதுகிறார்கள். 1,200 பாகை செல்சியசுக்கு மேல் எரிந்து உருகும். நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்கு புகையோடு பறந்துவிடும். புகையைக் குளிரவைத்து, மின்சாரத்தால் அந்தத் தூசியைப் பிடிப்பார்கள்.

இன்று தோண்டப்படும் பல தாதுகளில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ செம்புகூடத் தேறாது. இந்தத் தூசியிலோ 20 கிலோவுக்கு மேலும் இருக்கலாம். எறிய யாருக்கு மனம் வரும்? அப்படியே திரும்ப உலைக்குள் போடுவார்கள். செலவு குறைந்த வழிதான். ஆனால் ஆசனிக் சூட்டில் ஆவியாகி மறுபடி தூசிக்கே வந்து சேரும். சுற்றச் சுற்ற அது ஏறும். செம்பின் தரமும் கெடும், வேலை செய்கிறவர் உடம்பும் கெடும்.

அதனால் ஒரு பங்கை வெளியே எடுத்து சல்பூரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். அந்த அமிலமும் அதே புகையின் கந்தகத்தில் செய்ததுதான். செம்பும் நாகமும் கரையும். ஈயம் அடியில் தங்கும்; அதை ஈய ஆலைக்காரர் வாங்குவார்கள். மிஞ்சும் ஆசனிக்தான் தலையிடி. இரும்போடு சேர்த்து ஸ்கொரொடைட் என்ற படிகமாக்கினால் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆனால் வாங்க ஆளில்லை, புதைக்கத்தான் வேண்டும். சுண்ணாம்புக் கழிவோடு கலந்துவிட்டால் அது மறுபடி ஆசனிக்கைக் கக்கும்.

சரி, எங்கே புதைப்பது? பக்கத்து மூதூரும் வெருகலும் மகாவலி கடலுக்கு இறங்கும் தாழ்நிலம். மாரியில் வெள்ளம் நிற்கும் இடங்கள். சம்பூர் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்படும் வரை சாம்பலைப் பற்றி இதே கேள்விதான் இருந்தது.

புல்மோட்டைக் கனிய மணல் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது என்று நாம் வருத்தப்படுவதுண்டு. செம்பு விஷயத்தில் என் எண்ணம் வேறு. ஆசனிக்கைப் பிரித்து அடக்கும் பகுதி திட்டத்திலேயே இல்லையென்றால், தாதாகவே ஏற்றி அனுப்புவது மேல்.