என்னைத் தெரியுதா, டீச்சர்?

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு வாசகர் சந்திப்பில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை அழகாக அறிமுகப்படுத்தினார். அவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் முடிந்து கீழே தே தாரிக் குடிக்கப் போகும்போது அவர் எதிரே வந்தால், யாரோ என்று ஒதுங்கி வழிவிடுவேன். இப்போதைக்கு அவர் எனக்குப் பச்சைச் சட்டை. அந்தச் சட்டை இருக்கும்வரை எங்கள் நட்புக்கு ஆபத்தில்லை.

சிரிக்கிறீர்கள். சிலருடைய சிரிப்பில் 'அப்பாடா, நமக்கும் அப்படித்தான்' என்ற நிம்மதியும் கேட்கிறது. அவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

மேடை ஏறினால் முதலில் ஒரு குறள் சொல்ல வேண்டும். இன்று அதை விட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அறிமுகம். அந்தச் சொல்லுக்குள்ளேயே முகம் உட்கார்ந்திருக்கிறது. பிடிக்காதவருக்கு முகம் கொடுக்க மாட்டோம். காலையில் காரியம் கெட்டால் யார் முகத்தில் விழித்தோம் என்று கணக்குப் பார்ப்போம். பழகியவரிடம் கண்டிப்பாகப் பேச முடியாமல் போனால் அதற்கு முகதாட்சண்யம் என்று பெயர். இப்படி எதற்கெடுத்தாலும் முகத்தைப் பார்க்கிற மொழியில், முகம் மனதில் நிற்காத ஒருத்தி பிறந்துவிட்டால் அவளை என்ன சொல்வார்கள்? தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்தேன், பெரும்பாலும் ஆண்டு 1. ஜனவரியில் புது வகுப்பு. பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் கருநீலப் பினஃபோர், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. பையன்கள் எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, கருநீலக் கால்சட்டை. மற்ற டீச்சர்கள் ஒரு வாரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு மார்ச் ஆகிவிடும். வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் குறித்து வைப்பேன். 'பென்சில் கடிப்பான்.' 'இடது காது மடலில் மச்சம்.' 'சுருட்டை முடி, சன்னலோரம்.' பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்தால் என் குறிப்பும் போச்சு, நானும் போச்சு.

ஒரு வருடம் ஜனவரியிலேயே தைப்பூசம் வந்துவிட்டது. விடுமுறை முடிந்து வகுப்புக்குள் நுழைகிறேன். தண்ணீர்மலையில் முடி இறக்கிய ஐந்து பிள்ளைகள் மொட்டைத் தலையும் சந்தனமுமாக நிற்கிறார்கள். சந்தனம் காய்ந்து வெடித்துச் சட்டைக் காலரில் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கிறது. நான் நம்பியிருந்த சுருட்டை முடி மலையிலேயே தங்கிவிட்டது. அதில் ஒரு பையன் முன்னால் வந்து, "டீச்சர், நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?" என்றான். அவனுக்கு விளையாட்டு. எனக்கு வியர்த்துவிட்டது. "நோட்டை எடு, கையெழுத்தைப் பார்க்கணும்" என்று சொல்லி, அட்டையில் இருந்த பெயரைப் படித்துத்தான் தப்பித்தேன்.

என் மூளைதான் மந்தம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், அந்தச் சந்தன மொட்டை எனக்குப் புரிந்தது. 1979-இல் பிரிட்டன் உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நன்றாகத் தெரிந்தவரை நாம் கண், மூக்கு, வாய் இருக்கும் உள்பகுதியை வைத்து எளிதில் கண்டுகொள்கிறோம். புதியவர் விஷயத்தில் அந்த வசதி கிடையாது, முடியையும் முகத்தின் வெளிக்கோட்டையும் அதே அளவுக்குப் பிடித்துக்கொள்கிறோம். இது எல்லாருக்கும் பொது. எனக்கு அந்தப் 'புதியவர்' கட்டம் தாண்ட அதிக நாள் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 2011-இல் வெளிவந்தது. நெதர்லாந்தில் பிரபலமான இரண்டு பெண்கள், ஆளுக்கு இருபது என்று மொத்தம் நாற்பது படங்கள். சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துக் கொடுத்து, 'ஆள் வாரியாகப் பிரித்து அடுக்குங்கள்' என்றார்கள். அந்தப் பெண்களை அறியாத பிரிட்டன்காரர்கள் சராசரியாக ஏழெட்டு அடுக்குகள் வைத்தார்கள். இரண்டே பேர் இருந்த இடத்தில் ஏழெட்டுப் பேரைப் பார்த்திருக்கிறார்கள்! நெதர்லாந்துக்காரர்கள் கையில் கொடுத்தால் சட்டென்று இரண்டு அடுக்கு. யோசித்துப் பாருங்கள். வெளிச்சம் மாறினால், சிரித்தால், கொஞ்சம் தலை திருப்பினால் புதிய முகம் வேறொரு முகமாகிவிடுகிறது. ஒருவரைப் பல விதமாகப் பார்த்த பிறகுதான் அத்தனையும் ஒரே ஆள் என்று மனம் ஒப்புக்கொள்கிறது. நீங்களோ கல்யாண மண்டபத்தில், ஜிகினா விளக்கடியில், பட்டுப் புடவையில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுநாள் மார்க்கெட்டில் கைலியோடு வந்து நின்று, "தெரியுதா?" என்கிறீர்கள்.

இதன் கடைசி எல்லையில் இருப்பவர்களும் உண்டு. 1947-இல் போடாமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்குத் தனிப் பெயர் வைத்தார். தலையில் குண்டடி பட்ட ஓர் இளைஞன், உறவினர்களை மட்டுமல்ல, கண்ணாடியில் தன் முகத்தையே அடையாளம் காணவில்லை. மூளையின் அடிப்பக்கம், பின்புறமாக, முகம் பார்த்தால் விழித்துக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது என்று 1997-இல் அமெரிக்காவில் படம் பிடித்துக் காட்டினார்கள். அடிபடாமலே, பிறவியிலேயே இந்தக் குறை உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கு இருந்தது. தாடிவைத்த ஒரு பெரிய மனிதர் மேல் இடிக்கப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், அப்புறம் பார்த்தால் அது கண்ணாடி. சிம்பன்சிகளோடு வாழ்ந்த ஜேன் குடாலுக்கும் இருந்தது. தன் மனச் சோம்பேறித்தனம் என்றுதான் அவரும் முதலில் நினைத்தாராம். அதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நேற்றுவரை நன்றாகத் தெரிந்த முகங்கள் இன்று திடீரென்று தெரியவில்லை என்றால் அது வேறு. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, என் மார்க்கெட் கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கடை. ஓர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் பொதுவாகச் சிரித்துவிட்டு இறாலைப் பொறுக்கினேன். இரண்டு நாள் முன்னால்தான் அவர் பள்ளிக்கு வந்து, பையன் வீட்டுப்பாடம் செய்யாததைப் பற்றி அரை மணி நேரம் என்னோடு பேசியிருக்கிறார், கடைசியில் கண்கலங்கியும் இருக்கிறார். திங்கட்கிழமை பள்ளி முழுக்கப் பேச்சு: "அந்த டீச்சர் பள்ளிக்கு வெளியே நம்மைக் கண்டுக்கவே மாட்டாங்க." அந்தப் பையன் இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

இந்தத் தீவில் இன்னொன்றும் உண்டு. "சீனர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காங்க" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். என் பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி ஒருநாள் தயங்கித் தயங்கி, "உங்க ஆளுங்க எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான்மா" என்றார். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கண் எந்த முகங்களில் பழகியதோ அவற்றில்தான் கூர்மை. சின்ன வயதிலிருந்து கலந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் குறைவு.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, அப்புறம் முகக்கவசமும் வந்தது. ஊரே தடுமாறியது. நான் மட்டும் நிம்மதியாக நடந்தேன். நடை, தோள் சாய்வு, இருமல், செருப்புச் சத்தம் எல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் முறையாக, மற்றவர்கள் என்னிடம், "அது யாரு டீச்சர்?" என்று கேட்டார்கள்.

என் வேண்டுகோள் சின்னது. "என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பெயரையும் எங்கே பார்த்தோம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

போன மாதம் பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "டீச்சர், நான் தைப்பூச மொட்டை. நான் யாருன்னு கேட்டேனே!" என்று சொல்லிப் பெயரையும் சொன்னார். இப்போதும் தலையில் முடி அதிகமில்லை. முகம் நினைவுக்கு வரவில்லை, ஆனால் உதிர்ந்த சந்தனப் பொடி அப்படியே கண்முன் வந்தது. பிறை என்ற ஊரில் வேலை, ஆண்டு 1-இல் ஒரு மகள், அவள் டீச்சர் ரொம்பக் கண்டிப்பாம். கரை வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம். இறங்கும்போது கூட்டம் பிரித்துவிட்டது. போன் நம்பர் வாங்கலாம் என்று திரும்பித் தேடினேன். பேச்சு சுவாரசியத்தில் அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று பார்க்க மறந்துவிட்டேன்.