பார்கோடு நம்மைக் கண்காணிக்குமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "பார்கோடு இருக்கிற பொருளை வாங்கினா அதை வச்சு நம்மளைக் கண்காணிக்க முடியுமா? எல்லா பார்கோடுலயும் 666 ஒளிஞ்சிருக்குன்னு சொல்றாங்களே, உண்மையா?"

முதல்ல அந்த 666-ஐ, பைபிள்ல மிருகத்தோட எண்ணுன்னு வர்றதை, முடிச்சிடுவோம். கையில ஏதாவது ஒரு பாக்கெட்டை எடுத்துக்கங்க. இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு இடத்துல ரெண்டு ரெண்டு மெல்லிய கோடு, மத்ததைவிடக் கொஞ்சம் நீளமா கீழே இறங்கியிருக்கும். எங்க ஆரம்பம், எங்க பாதி, எங்க முடிவுன்னு ஸ்கேனருக்குக் காட்டுற எல்லைக் கோடு அது. வலப்பக்கப் பாதியில 6-ங்கிற எண்ணுக்கும் ரெண்டு மெல்லிய கோடுதான். அதனால மூணு எல்லைக் கோட்டையும் மூணு 6-ன்னு நினைச்சுட்டாங்க, குழப்பம் வந்தது இங்கதான். ஆனா ஒரு மெல்லிய கோட்டோட அகலத்தை ஒரு கட்டம்னு வச்சா, ஒரு எண்ணுக்கு ஏழு கட்ட அகலம் வேணும். 6-ல அந்த ரெண்டு கோட்டுக்குப் பின்னாடி நாலு கட்டம் வெள்ளையா வரும். எல்லைக் கோட்டுக்கு ஓரத்துல மூணே கட்டம், நடுவுல அஞ்சு. ஏழு கட்டம் இல்லாதது எண்ணே கிடையாது.

சரி, பார்கோடுக்குக் கீழே இருக்கிற 13 இலக்கத்துல என்னதான் இருக்கு? கம்பெனியோட எண், பொருளோட எண், கடைசியில ஒரு சரிபார்ப்பு இலக்கம், அவ்வளவுதான். முதல் 12 இலக்கம் 123456789012-ன்னு வச்சுக்கங்க. ஒற்றைப்படை இடத்துல இருக்கிறதைக் கூட்டினா 26. இரட்டைப்படை இடத்துல இருக்கிறது 22, அதை மூணால பெருக்கினா 66. மொத்தம் 92. அடுத்த பத்தின் மடங்கு 100-க்கு 8 குறையுது, அதனால கடைசி இலக்கம் 8. ஸ்கேனர் ஒரு இலக்கத்தைத் தப்பாப் படிச்சா இந்தக் கணக்கு உதைக்கும், 'பீப்' வராது.

1974-ல அமெரிக்காவுல ஓஹியோ மாநிலத்துல ட்ராய்ங்கிற ஊர்க் கடையில ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதல்முதலா ஸ்கேன் பண்ணின நாள்ல இருந்து விஷயம் இதுதான்: ஒரே ரகப் பொருள் லட்சம் இருந்தாலும் லட்சத்துக்கும் ஒரே எண். உங்க கையில இருக்கிறது எதுன்னு அதுக்குத் தெரியாது, நீங்க யாருன்னு சுத்தமா தெரியாது. பில் போடும்போது போன் நம்பர் சொல்றீங்க பாருங்க, அந்த நொடியிலதான் பொருளோட உங்க பேரு சேருது. பயப்படணும்னா அதுக்குப் பயப்படுங்க. நம்பர் தராமலும் பில் போட முடியும்.

ரேடியோ அலையால படிக்கிற சிப் வச்ச ஆர்எஃப்ஐடி டேக்கோட கதை வேற. அதுல ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரிசை எண் வைக்க முடியும். கடைப் பொருள்ல ஒட்டுற டேக்குக்கு பேட்டரி கிடையாது, அதைப் படிக்கிற கருவியான ரீடர் அனுப்புற ரேடியோ அலையில இருந்தே சக்தி எடுத்துக்கும். துணிக்கடை மாதிரி இடங்கள்ல வர்ற யுஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) டேக்கை சில மீட்டர் தூரத்துல இருந்தே, பைக்குள்ள இருந்தாலும் படிக்கலாம். விலைச்சீட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. வளைஞ்சு வளைஞ்சு வெள்ளி நிறத்துல ஆன்டெனா தெரியும், நடுவுல கடுகைவிடச் சின்ன சிப். சிப்புக்குப் பக்கத்துல ரெண்டு பக்கமும் ஆன்டெனாவைக் கத்தரிச்சு விட்டா போதும். மைக்ரோவேவ்ல வைக்கச் சொல்ற வீடியோவை நம்பாதீங்க, தீப்பிடிக்கும். டேக்கை நிரந்தரமா செயலிழக்க வைக்கிற கட்டளையும் அந்த டேக்குக்கான தொழில்நுட்ப விதிமுறையிலயே இருக்கு. ஆனா அதுக்குக் கடைக்காரர்கிட்ட இருக்கிற 32 பிட் கடவுச்சொல் வேணும். நம்ம கையில இருக்கிறது கத்தரிக்கோல்தான்.

ஒண்ணு மட்டும் எல்லாரும் விட்டுடுறாங்க: விமான போர்டிங் பாஸ். பேரை விரலால மறைச்சுட்டு போட்டோ போடுறாங்க. பக்கத்துல கியூஆர் மாதிரி இருக்கிற குறியீட்டுக்குள்ள பேரும் ஆறு எழுத்து முன்பதிவு எண்ணும் அப்படியே இருக்கு. அந்த எண்ணும் குடும்பப் பெயரும் கிடைச்சா பல விமான நிறுவன இணையதளங்கள்ல உங்க பயணத்தைத் திறந்துடலாம். மேல பேனாவால நாலு கோடு கிழிச்சாலும் பத்தாது. இந்த மாதிரி குறியீடுகள்ல பிழை திருத்தம் உண்டு, கியூஆர்ல உச்ச அளவு வச்சா சுமார் 30 சதவீதம் அழிஞ்சாலும் படிச்சிடும். படத்துல அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துட்டுப் போடுங்க. தாளைத் தூக்கிப் போடும்போது குறியீடு இருக்கிற இடத்தைத் துண்டு துண்டா கிழிச்சுடுங்க.